பூநாரை தேடி ஒரு நாள்: பழவேற்காட்டில் ஆற்று நீரும் கடல் நீரும்

வேப்பம்பட்டிலிருந்து பழவேற்காட்டுக்கு ரயிலில் போவதென்றால் சென்னை வரை போய், கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்து, பொன்னேரியில் இறங்கிப் பேருந்து ஏற வேண்டும். பைக் இருந்தால் இந்தச் சுற்று தேவையில்லை. திருநின்றவூர், தாமரைப்பாக்கம், பெரியபாளையம், புதுவாயல், பொன்னேரி என்று இரண்டு மணி நேரத்தில் ஏரிக்கரைக்கு வந்துவிடலாம்.

அந்த வழியில்தான் பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன்பே ஒரு விவசாயியும் பத்தாம் வகுப்பு படிக்கும் அவர் மகளும் புறப்பட்டார்கள். சுற்றிலும் வீட்டுமனைகளாகிவிட்ட நிலத்துக்கு நடுவே இன்னும் இரண்டு ஏக்கரில் நெல் வைக்கிறவர் அவர். நவரைக்கு நாற்று விட்டாகிவிட்டது. மகளின் கையில் சித்தப்பாவிடம் இரவல் வாங்கிய கேமரா.

இந்தப் பாதையில் இரண்டு ஆறுகளைக் கடக்க வேண்டும். தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாறு. பூண்டி ஏரியைத் தாண்டி வரும் இந்த ஆறு எண்ணூரில் கடலைச் சேருகிறது. அடுத்தது பெரியபாளையத்தில் ஆரணியாறு. ஆந்திராவின் பிச்சாட்டூர் அணை நிரம்பித் திறந்துவிட்டால் இதில்தான் வெள்ளம் வரும். அது போய்ச் சேரும் இடம் பழவேற்காடு ஏரி. பறவை பார்க்கப் போகிறவர்கள் இந்த இரண்டாவது ஆற்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏரியில் இருக்கும் பாதிக் கதை அதனுடையது.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தமிழகப் பகுதியில் சுமார் 154 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஊருக்குள் 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையின் மிச்சமும், வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய பழைய கல்லறைத் தோட்டமும் உண்டு. வெயில் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்; கல்லறை எங்கும் பறந்து போகாது.

படம் எடுக்க வருகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது சூரியனை. ஏரியின் மேற்குக் கரையில் காலையில் நின்றால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். பறவைகள் எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் பதியும். அதனால் காலையில் ஊரிலிருந்து பாலத்தைக் கடந்து, கலங்கரை விளக்கம் இருக்கும் பக்கம் போய் மேற்கே பார்க்க வேண்டும். மேற்குக் கரையில் உள்ள அண்ணாமலைச்சேரியை மாலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இதை மாற்றிச் செய்து, நல்ல கேமராவோடு வெறும் கையாகத் திரும்புகிறவர்கள் நிறைய.

பாலத்தின் கிழக்கு முனையில் நின்றபோது மகள் முதலில் பிடித்தது சாம்பல் கூழைக்கடாவை. மீன் பிரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அது தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. மேலே செம்பருந்துகள் வட்டமிட்டன. சேற்றில் ஒரு கை மட்டும் பெரிதாக இருக்கும் சின்ன நண்டுகள் வளைக்கு வெளியே வந்து அந்தக் கையை ஆட்டின. மெலிந்த சிவப்புக் கால்களோடு ஒரு பறவை ஓரத்தில் நடந்ததைப் பார்த்து, புத்தகத்தைப் புரட்டப் போன மகளை அப்பா தடுத்தார்.

"இது நம்ம வயலுக்கு வர்றதும்மா. ரெண்டாம் உழவு ஓட்டறப்போ டிராக்டர் பின்னாடியே வரும், பாத்ததில்ல?"

நெடுங்கால் உள்ளான்தான் அது. சேற்று உழவு ஓட்டிய வயலும் ஆழமில்லாத ஏரியும் அதற்கு ஒன்றே. பெரிய லென்ஸோடு வருகிறவர்களுக்குப் பெயர் தெரியும். பறவை எந்த மாதத்தில், எந்தத் தண்ணீரில், எதைத் தின்ன வருகிறது என்பது வயலில் நிற்கிறவருக்குத்தான் தெரியும்.

மீன் ஏலம் நடக்கும் இடத்தில் டீ குடித்தபோதுதான் பேச்சு வந்தது. வலையை உதறிக்கொண்டிருந்த மீனவர் ஒருவரிடம், "இந்த வருஷம் நல்ல மழை. ஆத்துல எவ்வளவு தண்ணி! அத்தனையும் வீணா கடலுக்குத்தானே போச்சு" என்றார் விவசாயி. நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான்.

"வீணாவா? என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? ஆத்துத் தண்ணி வந்தாத்தான் எங்களுக்கு எறாவே. அது வேகமா வந்து தள்ளலன்னா மொகத்துவாரம் மண்ணு மூடிக்கும்."

அவர் சொன்னதில் மிகை இல்லை. கடலில் பொரிக்கும் இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, உப்பு குறைந்த நீரில் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகின்றன. மடவையும் நண்டும் இந்தக் கலப்பு நீரை நம்பித்தான் இருக்கின்றன. கோடையில் ஆறு வறண்டு, அலை கொண்டு வரும் மணல் வாயை அடைத்தால் ஏரியில் உப்பு ஏறுகிறது, மீன்பாடு விழுகிறது. படகும் கடலுக்குப் போக வழியில்லை. இதற்காகவே முகத்துவாரத்தின் இரு பக்கமும் கற்சுவர் அமைக்கும் பணியை அரசு எடுத்துக்கொண்டது.

விவசாயியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பொன்னேரிக்குத் தெற்கே மீஞ்சூர் பகுதியில், அளவுக்கு மீறி நிலத்தடி நீரை இறைத்ததால் 1960-களின் கடைசியிலேயே கடல்நீர் நிலத்துக்குள் ஏறத் தொடங்கியது. நெல் விளைந்த கிணறுகள் உப்பாயின. சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் போன தண்ணீர் அது. ஆற்றில் தடுப்பணை கட்டி நீரை நிலத்துக்குள் இறக்கினால்தான் உப்பு பின்வாங்கும். ஆகத் தடுப்பணையும் வேண்டும், மழைக்காலத்தில் அதைத் தாண்டி ஏரிக்குப் போகும் வெள்ளமும் வேண்டும். எவ்வளவு நிறுத்துவது, எவ்வளவு விடுவது என்று பேச விவசாயியும் மீனவரும் ஒரே டீக்கடையில் உட்கார வேண்டியிருக்கிறது. அப்படி உட்காருவது அபூர்வம்.

மாலை மூன்றரைக்கு அண்ணாமலைச்சேரி. வெயில் இப்போது முதுகுப் பக்கம். தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, பைனாகுலரில் பார்த்தபோது பூநாரைக் கூட்டம். நூற்றுக்கணக்கில் நின்றன. தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, நாக்கால் நீரை உறிஞ்சி வெளியே தள்ளும். அலகில் உள்ள சீப்பு போன்ற அமைப்பில் சிறு பூச்சி, இறால் குஞ்சு, பாசி தங்கிவிடும். அந்த இரையிலுள்ள நிறமிதான் இறகைச் சிவப்பாக்குகிறது. கூட்டத்தில் சில சாம்பல் நிறத்தில் இருந்தன. அவை வேறு இனம் அல்ல, இளம் பறவைகள். நிறம் ஏறச் சில ஆண்டுகள் ஆகும். இந்தியாவில் இவை பெருமளவில் குஞ்சு பொரிப்பது குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில்.

பக்கத்தில் வந்து நின்ற இளைஞர்கள், பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டத் தொடங்கினார்கள். "தம்பி, மேயற மாட்டை யாராவது வெரட்டுவாங்களா?" என்றார் விவசாயி. அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பூநாரை ஓடி வேகம் எடுத்துத்தான் எழும்பும். திரும்பத் திரும்ப விரட்டினால், தின்று சேர்த்த சத்தெல்லாம் அதிலேயே போகும். காத்திருந்தால் அவையே இடம் மாறும். ஐந்தேகாலுக்கு அப்படித்தான் எழும்பின. மடித்த இறக்கைக்குள் ஒளிந்திருந்த செந்நிறமும் கறுப்பும் விரிந்தன. மகள் எடுத்த நாற்பது படங்களில் மூன்று தெளிவாக விழுந்தன.

'நெல்லுக்கு இவை கெடுதல் செய்யாதா?' என்று வாசகர்கள் கேட்கலாம். பிரான்சின் கமார்க் பகுதியில் இதே இனம் புதிதாக விதைத்த நெல் வயலில் இறங்கி மிதித்து நாசம் செய்வதுண்டு. வரப்போரம் மரமும் வேலியும் அடர்ந்த வயல்களில் அவை அவ்வளவாக இறங்குவதில்லை என்று அங்கே கண்டிருக்கிறார்கள். பழவேற்காட்டில் இவற்றின் மேய்ச்சல் ஏரிச் சேற்றில்தான்.

போகிறவர்களுக்கு: நவம்பர் முதல் மார்ச் வரை பறவைக் காலம், ஜனவரி சிறந்தது. படகுச் சவாரிக்கு யார் கூப்பிட்டாலும் ஏற வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த இடம் இது. சரணாலயம் என்பதால் டிரோன் பறக்கவிடக் கூடாது. மங்கலான நிற உடுப்பு, தொப்பி, பைனாகுலர் போதும். குடிக்கத் தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்; கரையோரக் கிணறுகளில் ஊறுவது உப்புத் தண்ணீர்.