பழைய விரிப்பும் தையல் கூலியும்

காசிமேடு என்றதும் விசைப்படகும் விடியற்கால மீன் ஏலமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். துறைமுக வாசலைத் தாண்டி நாகூரான் தோட்டம், பவர் குப்பம், ஜீவரத்தினம் நகர் என்று உள்ளே நடந்தால் இன்னொரு தொழிலும் கண்ணில் படும். வெளிச்சம் விழுகிற வாசலோரமாக ஒரு கால்மிதி மிஷின், பக்கத்தில் வெட்டிய துண்டுகள் அடைத்த ஒரு பை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளை நம்பி வடசென்னையில் நடக்கும் நைட்டி, இன்ஸ்கர்ட் தையல், அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை, பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் யூனிஃபார்ம் ஆல்டரேஷன். நான் பார்க்கப் போனது இவற்றுக்கெல்லாம் ஓரத்தில் கிடக்கும் ஒரு வேலையை. நைந்த படுக்கை விரிப்பைத் தலையணை உறையாகவும், பையாகவும், தூளித் துணியாகவும், மிதியடியாகவும் மாற்றித் தைக்கும் வேலை அது. அதற்கென்று போர்டு மாட்டிய கடை கிடையாது, தனிப்பெயரும் கிடையாது. மற்ற தையலுக்கு நடுவே நடக்கிறது, மற்ற தையலைவிடக் குறைந்த காசுக்கு நடக்கிறது. ஏன் குறைந்த காசுக்கு என்பதுதான் என் கேள்வி. விரிப்பு பழையது என்பதால் அதில் போடும் தையலும் மலிவாக இருக்க வேண்டும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். வேலையைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் கணக்கு நேர்மாறாக வருகிறது.

விரிப்பு ஒரே சீராக நைவதில்லை. உடம்பு அழுந்தும் நடுப்பகுதி முதலில் இளைக்கிறது. மெத்தைக்கு அடியில் செருகப்பட்ட ஓரங்கள் பல வருடம் கழித்தும் கெட்டியாகவே இருக்கின்றன. ஆகவே தைப்பவரின் முதல் வேலை துணியைப் படிப்பது. வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்து எங்கே வெளிச்சம் அதிகம் ஊடுருவுகிறது என்று பார்க்க வேண்டும், இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பார்க்க வேண்டும். பருத்தியா கலப்பா என்று சந்தேகம் வந்தால் ஓர் இழையைக் கொளுத்தினால் போதும்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி மணிபோல் இறுகும். பிறகு கணக்கு. 60க்கு 90 அங்குலச் சிங்கிள் விரிப்பில் நைந்த நடுவாக 24 அங்குலத்தை ஒதுக்கினால், இரு பக்கமும் 18 அங்குல அகலத்தில் 90 அங்குல நீளப் பட்டைகள் மிஞ்சும். 17க்கு 27 அளவுள்ள, உள்ளே மடிப்பு வைத்த ஒரு தலையணை உறைக்கு ஏறக்குறைய 62 அங்குலம் வேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் ஓர் உறை போக மீதி 28 அங்குலத்தில் ஒரு சின்னப் பை வரும். நடுப்பகுதி மிதியடிக்கும், அடுப்படியில் சூடு பிடிக்கும் துணிக்கும், மீன் கூடை சுமப்பவர்களின் சும்மாட்டுக்கும் போகிறது. 1941இல் துணி ரேஷன் வந்த பிரிட்டனிலும் இதே அறிவு வீடுதோறும் இருந்தது. விரிப்பை நடுவே கிழித்து, கெட்டியான ஓரங்களை நடுவுக்குக் கொண்டுவந்து இணைத்து, இன்னும் சில வருடம் ஓட்டினார்கள்.

தைப்பதிலும் தனிப் பக்குவம் இருக்கிறது. நெருக்கமாகத் தையல் போட்டால் ஊசித் துளைகளே பழைய துணியைக் கிழித்துவிடும். தையலை நீளமாக வைக்க வேண்டும். மெல்லிய ஊசி வேண்டும். முரட்டு பாலியெஸ்டர் நூல் இளைத்த பருத்தியை நாளடைவில் அறுத்துவிடும் என்பதால் நூலையும் மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் வெட்டும் முறை. புதுத் துணித் தானை அடுக்கடுக்காக மடித்துப் போட்டு ஒரே வெட்டில் பத்துப் பைக்குத் துண்டு எடுக்கலாம். பழைய விரிப்பில் அப்படி நடக்காது. ஒன்றில் கிழிசல் இந்தப் பக்கம், இன்னொன்றில் கறை அந்தப் பக்கம். ஒவ்வொன்றையும் தனியாக அளந்து, தனியாகச் சாக்பீஸ் போட்டு, தனியாக வெட்ட வேண்டும். பழைய மடிப்புத் தையலைப் பிரிக்கும் நேரம் வேறு. ஒரே மாதிரிப் பையைப் புதுத் துணியிலும் பழைய விரிப்பிலும் தைத்தால், இரண்டாவதுதான் அதிக நேரம் வாங்கும், அதிகக் கவனமும் வாங்கும். வாங்க வருபவரோ, "பழைய துணிதானேக்கா, இதுக்குப் போய் இவ்ளோவா?" என்றுதான் தொடங்குவார்.

இந்தப் பேரத்துக்கு அடித்தளம் போட்டதில் அரசின் நல்லெண்ணத்துக்கும் பங்குண்டு. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில் வைத்த இயந்திரத்தில் பத்து ரூபாய் போட்டால் ஒரு துணிப்பை வந்தது. பிளாஸ்டிக்கை விரட்ட அந்த விலை சரியானதே, குறை சொல்ல மாட்டேன். ஆனால் துணிப்பை என்றால் பத்து ரூபாய் என்று சந்தையின் மனத்தில் பதிந்துவிட்டது. மொத்தமாக வெட்டி மொத்தமாகத் தைத்த புதுப் பையின் விலையை, ஒற்றை விரிப்பிலிருந்து பொறுக்கி எடுத்த பையின் மேல் வைத்துப் பார்க்கிறோம். அந்தப் போட்டியில் காசிமேட்டு மிஷின் ஜெயிக்க முடியாது. அதில் இறங்கவே கூடாது என்பது என் கருத்து.

வேறு வழி நம் பழக்கத்திலேயே இருக்கிறது. ரவிக்கைத் துணியை நாம் வாங்கிக் கொடுக்கிறோம், தையல்காரர் தைத்துத் தருகிறார். லைனிங் வைத்த ரவிக்கைக்குத் துணியின் விலையைப்போலச் சில மடங்கு கூலி கொடுக்க இந்த ஊரில் யாரும் தயங்குவதில்லை. துணி எங்கள் வீட்டுத் துணிதானே, கூலியைக் குறையுங்கள் என்று கேட்பவர் உண்டா? கூலி என்பது கைக்கும் நேரத்துக்கும் என்பது அங்கே எல்லோருக்கும் புரிகிறது. பழைய விரிப்புத் தையலையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டால் போதும். விரிப்பு உங்களுடையது, அதை வெட்டி இரண்டு உறை, இரண்டு பை, நான்கு மிதியடி தைத்துத் தருவதற்கு இன்ன கூலி. விற்பனைச் சரக்காகப் பார்த்தால் அது பழைய துணிப்பை. கூலி வேலையாகப் பார்த்தால் அது தையல்.

இதற்கு எழும் முதல் ஆட்சேபம் சுத்தம் பற்றியது. அதன் அடியில் இருப்பது மானம் பற்றியது. அடுத்தவர் படுத்த துணியை எப்படித் தொடுவது என்பதை ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. போட்டுப் பழசான துணியை ஏழைக்குக் கொடுத்துத் தன் தருமத்தைக் காட்டிக்கொண்ட வரலாறும், அதைக் கைநீட்டி வாங்கியாக வேண்டியிருந்தவர்களின் சாதி வரலாறும் நமக்கு உண்டு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரை நெடுகக் குவிந்த நிவாரணத் துணிகளில் கணிசமானவை யாரும் எடுக்காமல் தெருவோரம் கிடந்தன. கிழிந்ததையும் உதவாததையும் அனுப்பியவர்களுக்கு மீனவர்கள் சொன்ன பதிலாகவே அதை எடுத்துக்கொள்கிறேன். அப்படித் தேங்கிய துணிகளைத் தரம் பிரித்துப் பயனுக்குக் கொண்டுவரும் வேலையில் கூஞ்ச் அமைப்பு தமிழ்நாட்டில் ஈடுபட்டது. 1999இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய அமைப்பு அது. அவருக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது. பழைய பருத்தித் துணியைச் சுத்தம் செய்து மாதவிடாய்த் துணியாகத் தைத்துக் கொடுப்பது அவர்களுடைய முக்கிய வேலைகளில் ஒன்று. துணியின் வயதைக் குறையாக நினைக்காமல் குணமாக நினைத்ததுதான் அங்கே நடந்த மாற்றம். நூலில் ஏற்றிய கஞ்சிப்பசை பலமுறை துவைத்ததில் போய்விடுவதால் பழைய பருத்தி புதியதைவிட நன்றாக ஈரம் உறிஞ்சும், தோலை உறுத்தாது. பிறந்த குழந்தையைப் பாட்டியின் புடவையிலும் தாத்தாவின் வேட்டியிலும் சுற்றுகிற நாம் இதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. சுத்தம் பற்றிய கவலைக்கும் கூலி முறையே பதில்: உங்கள் வீட்டு விரிப்பு உங்கள் வீட்டுக்கே திரும்பி வருகிறது.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது. சென்னையின் குப்பை கொடுங்கையூரில் மலையாகக் கிடக்கும்போது நாலு தெருவில் விரிப்பு வெட்டித் தைப்பதால் என்ன குறையப் போகிறது? ஒன்றும் பெரிதாகக் குறையாது. அதனால்தான் இந்த வேலையைச் சுற்றுச்சூழல் பெயரில் நான் ஆதரிக்கவில்லை. அந்தப் பெயரை ஒட்டினால் கவனம் துணியின்மேல் போய்விடும், மிஷினை மிதித்தவர் மறைந்துவிடுவார். வங்கத்தின் காந்தாத் தையலைப் பாருங்கள். நைந்த புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டு உருவான கலை, நல்ல விலைக்குப் போகத் தொடங்கியதும் புதுப் பட்டுக்கு மாறிவிட்டது. சந்தை காசு கொடுத்தது கண்ணுக்குத் தெரிந்த தையல் வேலைப்பாட்டுக்கு. தலையணை உறையில் அப்படிக் காட்ட ஒன்றுமில்லை. நைந்த இடத்தைத் தவிர்த்து வெட்டிய சாமர்த்தியம் தைத்து முடித்ததும் யாருக்கும் தெரியாது. ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்பகம் சுனாமிக்குப் பின் மீனவப் பெண்களைக் கொண்டு துணிக்கழிவில் 'சுனாமிகா' பொம்மைகளைச் செய்யவைத்தது. பொம்மைக்கு விலை கிடையாது, பரிசாகக் கைமாறும், நன்கொடையில் வேலை நடக்கும். அழகான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் கருணையைக் கையில் வைத்துக்கொண்டு வாடகை கொடுக்கும் தேதியைத் திட்டமிட முடியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நின்று இன்ஜின் பிரித்துப் பழுது பார்க்கும் மாதங்கள் இவை. எண்ணெய் துடைக்கும் 'வேஸ்ட்' துணிக்குத் தேவை உண்டு. விரிப்பின் மிச்சம் அங்கே எடைக்குப் போகிறது. அதே மாதங்களில் பல வீடுகளில் வரவு ஊசியை நம்பி நிற்கிறது. அரசு உதவாமல் இல்லை. வடசென்னையின் பெரம்பூரிலிருந்து சட்டமன்றம் போன சத்தியவாணி முத்து பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது; தையல் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. மிஷின் இலவசமாக வரும், பழைய துணியும் இலவசமாக வரும், மிஷின்முன் உட்காரும் மணிநேரத்துக்கு மட்டும் விலை சொல்வார் இல்லை. வீட்டில் இருந்தபடி செய்யும் வேலைக்கும் மற்றத் தொழிலாளருக்குச் சமமான உரிமை வேண்டும் என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆம் உடன்படிக்கை 1996இல் வந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை.

பெரிய அளவுக்கும் வழி இருக்கிறது. பேசின் பிரிட்ஜில் ரயில் பெட்டிகளின் விரிப்புகளைத் துவைக்கும் இயந்திரச் சலவைக்கூடம் இயங்குகிறது. ஓட்டல்களும் மருத்துவமனைகளும் காலாவதியான விரிப்புகளைக் கழித்துக்கொண்டே இருக்கின்றன. வெந்நீரில் துவைத்த, ஒரே அளவிலான வெள்ளைப் பருத்தி ஒரே இடத்தில் கிடைத்தால், நான் மேலே சொன்ன தனித்தனி வெட்டும் சிரமம் பாதி குறையும். அவற்றை எடைக்கு ஏலம் விடாமல் வடசென்னை மகளிர் குழுக்களிடம் கொடுத்து, உருப்படிக்கு இன்ன கூலி என்று எழுதிக்கொண்டு, துடைக்கும் துணியாகவும் உறையாகவும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், ஓர் ஒப்பந்தத் தாள் போதும்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது இது. விரிப்பைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, நைந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு உங்கள் தெருத் தையல்காரரிடம் கொடுங்கள். என்ன தைக்க வேண்டும் என்பதைச் சொல்லி, கூலி எவ்வளவு என்பதை அவரையே சொல்லச் சொல்லுங்கள். ரவிக்கைக்குப் பேரம் பேசாதவர்கள் இதற்கும் பேச வேண்டாம்.