கெரோ செய்யக் கட்டடம் இல்லை

அலுவலகமே இல்லாத கம்ப்யூட்டர் நிறுவனங்களில் வேலை பார்க்கும் கொல்கத்தாவாசிகளுக்குச் சம்பளம் கிடைக்கிறது. சக ஊழியர்கள் கிடைப்பதில்லை.

முதலாளியைச் சூழ்ந்து உட்கார்ந்து, கோரிக்கைக்குப் பதில் வரும்வரை அவரை வெளியே விடாமல் அடைத்துவைக்கும் போராட்டத்துக்கு உலகத்துக்கே பெயர் கொடுத்த ஊர் கொல்கத்தா. 1967இல் ஐக்கிய முன்னணி அரசின் தொழிலாளர் அமைச்சராக இருந்த சுபோத் பானர்ஜி, தொழிற் தகராறுகளில் போலீஸ் தானாகத் தலையிடக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். 'கெரோ' என்ற வங்காளச் சொல் ஆங்கில அகராதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பின்னர் அந்தச் சுற்றறிக்கைகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் ஊரின் பழக்கம் லேசில் போகவில்லை. கெரோவுக்குத் தேவை மூன்றுதான்: ஒரு கட்டடம், அதில் ஒரு மேனேஜர் அறை, அந்த அறைக்கு ஒரு கதவு. இன்று அதே ஊரில் பலர் வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு இந்த மூன்றுமே கிடையாது.

லேக் மார்க்கெட் பக்கத்தில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இந்த மாற்றம் இரண்டே தலைமுறையில் நடந்து முடிந்துவிட்டது. அப்பா 1966இல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரயிலேறியவர். கையிலிருந்த சொத்து, சுருக்கெழுத்திலும் டைப்ரைட்டிங்கிலும் ஹையர் தேர்வு பாஸ் செய்த சான்றிதழ். அந்தக் காலத்தில் டல்ஹௌசி சதுக்கத்து வியாபாரக் கம்பெனிகளில் தென்னிந்திய ஸ்டெனோ என்றால் தனி மரியாதை. மெஸ்ஸில் சாப்பாடு, டிராமில் பயணம், மாலையில் ஆபீஸ் வாசலில் மண் குவளையில் டீ. மேனேஜரின் கோபம், பக்கத்து மேஜைக்காரரின் மகள் கல்யாணம், ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் சண்டை எல்லாம் அந்த டீயோடு சேர்ந்து உள்ளே இறங்கும். வங்காளிகள் இதற்கு 'அட்டா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அரட்டை என்று மொழிபெயர்த்தால் பாதிதான் வரும். அப்பா வங்காளம் கற்றது அங்கேதான். யூனியன் சந்தா கட்டியதும், தீபாவளிக்குப் பதில் பூஜை போனஸுக்காகக் காத்திருக்கப் பழகியதும் அங்கேதான்.

அப்பா வந்து இறங்கிய ஆண்டுகளில் நகரத்தின் பெரிய பயம் கம்ப்யூட்டர். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் இலாகோ ஹவுஸ் கட்டடத்துக்குள் அந்த இயந்திரம் நுழைந்துவிடக் கூடாதென்று ஊழியர்கள் காவல் இருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நாட்டின் முதல் டிஜிட்டல் கம்ப்யூட்டர் 1955இல் வந்து இறங்கியதும் இதே ஊரில்தான் - பராநகரில் மகலனோபிஸ் நடத்திய இந்தியப் புள்ளியியல் கழகத்தில். ஒரு பக்கம் வரவேற்பு, மறுபக்கம் முற்றுகை. கடைசியில் ஜெயித்தது கம்ப்யூட்டர். சால்ட் லேக்கின் ஐந்தாவது செக்டாரில் மாநில அரசே எலெக்ட்ரானிக்ஸ் வளாகம் அமைத்தது. கம்ப்யூட்டரை எதிர்த்த கட்சிகளின் ஆட்சியிலேயே சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு அங்கே சிவப்புக் கம்பளம் விரிக்கப்பட்டது.

2005இல் மகள் வேலைக்குச் சேர்ந்தது அந்த ஐந்தாவது செக்டாரில். லேக் மார்க்கெட்டிலிருந்து பஸ் பிடித்துப் போக ஒன்றேகால் மணி நேரம், மழை பெய்தால் இரண்டு. அப்பாவின் ஆபீஸ் போல் இல்லாவிட்டாலும் அதுவும் ஆபீஸ்தான். கேன்டீன் இருந்தது. கட்டடத்துக்கு வெளியே டீக்கடைகளின் வரிசை இருந்தது. அங்கே நின்றபடிதான் யாருக்கு எவ்வளவு சம்பள உயர்வு, எந்த புராஜெக்ட் மூழ்கப்போகிறது என்ற உண்மைகள் வெளியாகும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லாரையும் போல மகளும் லேப்டாப்புடன் வீட்டுக்கு வந்தாள். இரண்டு மாதம் கழித்து, மே 20 அன்று அம்பன் புயல் நகரத்தைப் புரட்டிப்போட்டது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மரங்களை அப்புறப்படுத்த ராணுவத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்த நாட்களில்தான் ஒன்று புரிந்தது: ஜெனரேட்டர், இன்டர்நெட், நாற்காலி, குடிதண்ணீர் என்று அதுவரை முதலாளியின் பொறுப்பாக இருந்தவை சத்தமில்லாமல் தொழிலாளியின் பொறுப்பாகிவிட்டன.

ஆனாலும் அந்த ஆண்டு எல்லாருக்கும் ஒரு கனவு இருந்தது. 2025க்குள் எந்த நேரத்திலும் ஊழியர்களில் 25 சதவீதம் பேர் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று டிசிஎஸ் அறிவித்தது. தொலைத்தொடர்புத் துறை 2020 நவம்பரில் விதிகளைத் தளர்த்தி, எங்கிருந்தும் வேலை செய்ய வழிவிட்டது. பிறகு காற்று திசை மாறியது. 2023 அக்டோபரில் அதே டிசிஎஸ் வாரத்துக்கு ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொன்னது. அதற்கு முன்பே, 2021இல், மகள் வேறு பக்கம் தாவியிருந்தாள். எந்த நாட்டிலும் அலுவலகமே வைத்துக்கொள்ளாத ஒரு வெளிநாட்டு சாஃப்ட்வேர் நிறுவனம் அது.

இப்படிப்பட்ட நிறுவனங்களின் வேதம் எழுத்து. பல தேசங்களில், பல நேரங்களில் விழித்திருப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச முடியாது. எனவே எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். இந்த வழியின் முன்னோடிகளில் ஒன்றான கிட்லாப், தன் நடைமுறைகள் முழுவதையும் ஒரு பெரிய கையேடாக எழுதி உலகத்தின் பார்வைக்கே வைத்திருக்கிறது. மகளுக்கு ஆரம்பத்தில் இது பிடித்திருந்தது. குரலை உயர்த்துபவன் ஜெயிக்கும் மீட்டிங்குகள் இல்லை. எழுத்தில் தெளிவாக இருப்பவருக்கு மதிப்பு. பெண் என்பதோ, உச்சரிப்பில் தமிழும் வங்காளமும் கலந்திருப்பதோ ஒரு பொருட்டில்லை.

பிடிக்காதவை மெதுவாகத்தான் தெரிந்தன. நியூயார்க்கில் காலை பத்து மணி என்றால் கொல்கத்தாவில் கோடையில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. குடும்பம் சாப்பிட உட்காரும் நேரத்தில் மீட்டிங். நகரம் முழுக்கப் பந்தல்களில் டாக் வாத்தியம் முழங்கும் அஷ்டமி அன்று கம்பெனி காலண்டரில் சாதாரண செவ்வாயோ புதனோதான். லீவு எடுக்கலாம். ஆனால் மற்ற எல்லாரும் வேலை செய்யும் நாளில் தான் மட்டும் எடுக்கும் லீவு வேறு. ஆபீஸே மூடிக்கிடக்கும் பண்டிகை வேறு.

அப்புறம் அந்தப் பச்சைப் புள்ளி. கம்ப்யூட்டரில் கை வைத்திருக்கும்வரை பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். எழுந்து போனால் சற்று நேரத்தில் அணைந்துவிடும். யாரும் அதைக் கவனிப்பதாகச் சொல்வதில்லை. எல்லாரும் கவனிப்பதாகவே ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். உலகெங்கும் இதற்கு மாற்றுத் தந்திரங்கள் முளைத்தன. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, வேலை செய்வது போல கீபோர்டை இயங்கவைத்து ஏமாற்றியதாக ஒரு டஜனுக்கும் மேற்பட்ட ஊழியர்களை 2024இல் நீக்கியது. சந்தேகம் இரு பக்கமும் உண்டு. இரண்டு வேலை பார்ப்பது வெறும் ஏமாற்று வேலை என்று 2022இல் சொன்ன விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, போட்டி நிறுவனங்களுக்கும் உழைத்ததாக 300 பேரை வெளியேற்றியதையும் அறிவித்தார். கண்ணால் பார்க்காத உழைப்பை நம்புவதற்கு முதலாளிகள் இன்னும் பழகவில்லை.

அப்பாவுக்கு 2022இல் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு மெல்லத் திரும்பியது. மகள் ஐந்தாவது செக்டாருக்குப் போய்வந்துகொண்டிருந்தால் வேலையை விட்டிருக்க வேண்டும். இப்போது பிசியோதெரபிக்காரர் வரும் நேரம் பார்த்து மீட்டிங்குகளைத் தள்ளிவைத்துக்கொள்ள முடிந்தது. இந்த வசதியை அவள் ஒருநாளும் குறைத்துச் சொல்வதில்லை. வீட்டில் முதியவரோ குழந்தையோ உள்ள பெண்களுக்கு இது சலுகையல்ல, மூச்சு. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011இல் அலுவலகம் திறந்த ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ வேறொரு வழியைக் காட்டியது. வேலையை ஊருக்கு அருகே கொண்டுபோனாலும், சேர்ந்து உட்கார ஒரு கூரையை அது விட்டுவைத்தது.

அப்பாவின் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டும்போதுதான் மகள் தன் ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தாள். இந்தியாவில் கம்பெனி பதிவு செய்துகொள்ளாத வெளிநாட்டு நிறுவனங்கள் பல, ஆட்களை ஊழியர்களாக அல்ல, சுயமாகத் தொழில் செய்யும் ஒப்பந்ததாரர்களாகவே எடுக்கின்றன. மாதாமாதம் சம்பளச் சீட்டு இல்லை. இவள்தான் அவர்களுக்கு பில் அனுப்ப வேண்டும். பிராவிடண்ட் ஃபண்ட் இல்லை. கிராஜுவிட்டி இல்லை. 2017 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் தரும் 26 வார மகப்பேறு விடுப்பு, ஒப்பந்ததாரருக்குப் பொருந்தாது. கிராஜுவிட்டியைக் கட்டாயமாக்கி 1971இலேயே, மத்திய அரசுக்கு ஒரு வருடம் முன்னதாக, சட்டம் போட்ட மாநிலம் மேற்கு வங்காளம். அந்தப் பணத்தில்தான் அப்பா இந்த ஃபிளாட்டை வாங்கினார்.

இதெல்லாம் காகிதத்தில் இருந்த வரை பொறுத்துக்கொள்ள முடிந்தது. 2024இல் ஒரு வியாழக்கிழமை மாலை, அவளோடு இரண்டரை வருடம் தினமும் வேலை செய்த ஒருவரின் பெயர் திரையிலிருந்து காணாமல் போனது. அனுப்பிய செய்தி திரும்பி வந்தது. பத்து நிமிடம் கழித்து, சில பொறுப்புகள் மாற்றியமைக்கப்பட்டிருப்பதாகக் கனிவான ஆங்கிலத்தில் ஒரு கடிதம். அந்த மனிதர் பாராசத்தில் இருந்தார். இவள் வீட்டிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. இரண்டரை வருடத்தில் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. டெலிபோன் நம்பரும் தெரியாது. தேடிப் பிடிக்க நான்கு நாளானது.

சாப்பாட்டு மேஜையில் இதைச் சொன்னபோது அப்பா, குழறும் பேச்சில், "யூனியன்காரங்க யாரும் போய்க் கேக்கலியாம்மா?" என்றார்.

"எங்க போய்க் கேக்கறதுப்பா? ஆபீஸே இல்லையே."

அப்பா 2003இல் ரிட்டயரானபோது ஒரு சால்வை, ஒரு கைக்கடிகாரம், எல்லாரும் வரிசையாக நின்ற ஒரு குரூப் போட்டோ. கண்ணாடி போட்ட அந்தப் போட்டோ இன்னும் கூடத்தில் தொங்குகிறது. பாராசத்துக்காரருக்குக் கிடைத்தது, லேப்டாப்பைத் திருப்பி அனுப்ப ஒரு கூரியர் முகவரி.

ஐ.டி. ஊழியர்களுக்குச் சங்கம் என்பது புதிய யோசனையல்ல. கொல்கத்தாவில் 2006இலேயே சிஐடியு ஒரு சங்கத்தைத் தொடங்கிவைத்தது. ஐ.டி. ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்கு மனுச் செய்யலாம். ஆனால் தொழிலாளர்களில் பத்து சதவீதம் பேரோ நூறு பேரோ, எது குறைவோ, அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுத் தொகுப்பிலும் இதே கணக்குதான். சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. ஒப்பந்தப்படி இவர்கள் தொழிலாளர்களே இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த ஏழு பேருக்கு ஒருவரையொருவர் தெரியாது.

பாராசத்துக்காரரும் மகளும் முதன்முதலாகச் சந்தித்தது லேக் மார்க்கெட் அருகே ஒரு டீக்கடையில். திரையில் தோள்வரை மட்டுமே பார்த்திருந்ததால், அவர் இத்தனை உயரம் என்பதே இவளுக்கு ஆச்சரியம். மண் குவளையில் மூன்று டீ. ஒரே வேலைக்கு இருவருக்கும் வேறு வேறு தொகை கொடுக்கப்பட்டிருப்பது இரண்டாவது டீயில் தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை அவர் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார் - வேறு வேறு நிறுவனங்கள், அதே ஒப்பந்தம். இப்போது பதினோரு பேர் வருகிறார்கள். யார் எவ்வளவு வாங்குகிறார்கள், யாருடைய கடைசி மாத பில் இன்னும் பாக்கி, எந்த ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எத்தனை நாள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பாராசத்துக்காரருக்கு வர வேண்டியிருந்த இரண்டு மாத பாக்கி, எல்லாரும் சேர்ந்து எழுதிக்கொடுத்த மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது.