மெலிவது வேறு, உறுதி பெறுவது வேறு



பெண்களுக்கான மார்க்க வகுப்பு முடிந்ததும் திரைக்கு அப்பாலிருந்து துண்டுக் கடதாசிகளில் கேள்விகள் வரும். வுழூ, ஸகாத், கழாத் தொழுகை என்ற வழமையான கேள்விகளுக்கிடையே ஒரு தடவை இப்படியொன்று வந்தது: "ஹஸரத், நான் மூன்று பிள்ளைகளின் தாய். குறைப்பதற்கு என்னிடம் நிறை இல்லை. ஆனால் உடம்பு தளர்ந்து, வயிறும் கைகளும் தொய்ந்துவிட்டன. தேகப்பயிற்சி செய்தால் இன்னும் மெலிந்து போவாய் என்று மாமி சொல்கிறார். அழகுக்காக இதைச் செய்வது கூடுமா?"

வீட்டுக்குள் தன்னை அழகாக வைத்துக்கொள்ள ஒரு மனைவி விரும்புவதில் குற்றமேதும் இல்லை. ஆனால் நிய்யத்தை அதைவிட விரிவாக்கிக் கொள்ளுங்கள். பலமான முஃமின் பலவீனமான முஃமினைவிட அல்லாஹ்வுக்கு விருப்பமானவர், இருவரிடமும் நன்மை உண்டு என்ற கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் கூறியது முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியுள்ளது. உடம்புக்கும் நம்மீது ஹக்கு உண்டு என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் எடுத்துச் சொன்னது புகாரியில் உள்ளது. உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணுவது ஆண்களுக்கு மட்டும் உரிய காரியமல்ல.

மெலிவுதான் சிறப்பு என்ற எண்ணமும் நமது மார்க்கத்தில் இல்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மணவீடு செல்லுமுன் அவர்களைச் சற்றுத் தேற்றியெடுக்க அவர்களுடைய தாயார் பலவாறு முயன்றார்கள். ஈற்றில் வெள்ளரிக்காயையும் பேரீச்சம் பழத்தையும் சேர்த்து உண்டதில் நன்றாகத் தேறியதாக அன்னையவர்களே அறிவிக்கிறார்கள். அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் இது வருகிறது. அதே அன்னை நபியவர்களோடு ஓட்டப் போட்டி ஓடியதும் அபூதாவூதில் உள்ளது. முதல் தடவை அன்னை முந்தினார்கள். பின்னர் உடம்பு சதை போட்ட காலத்தில் நபியவர்கள் முந்தி, அன்றைய தோல்விக்கு இது ஈடு என்று சொன்னார்கள். சதை போட்டதற்காக ஏச்சுமில்லை. பெண் என்பதற்காக ஓடத் தடையுமில்லை.

இனி மாமியின் பயத்துக்கு வருவோம். நான் வைத்தியன் அல்ல. ஆனாலும் வைத்தியர்கள் தெளிவாகச் சொல்லியிருப்பவற்றை உங்கள் முன் வைக்கிறேன். உடம்பு தளர்வாகத் தெரிவதற்குத் தசைநார்கள் பலமிழப்பது ஒரு முக்கிய காரணம். உண்பதைக் குறைத்து நிறையை இறக்கினால் கொழுப்போடு தசையும் சேர்ந்தே கரையும். அதனால்தான் பட்டினி கிடந்து மெலிந்தவர்கள் சிலர் முன்னரைவிடத் தளர்ந்து காணப்படுகிறார்கள். ஏற்கனவே மெலிந்தவருக்கு வேண்டியது நீண்ட நேர ஓட்டமல்ல; தசைக்குச் சுமை கொடுக்கும் வலுப்பயிற்சி. அத்தோடு போதிய உணவு.

நமது உம்மாமார் இதைப் பெயர் சொல்லாமலே செய்தார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள், உரலில் மா இடித்தார்கள், அம்மியில் அரைத்தார்கள். அந்த வேலைகளை இன்று குழாயும் கிரைண்டரும் செய்கின்றன. அது நல்லதே. ஆனால் கைகால்களுக்குக் கிடைத்த சுமை போய்விட்டது. அதை வேறு வழியில் தேடிக்கொள்ள வேண்டும்.

இதற்கு இயந்திரங்கள் தேவையில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாம். உறுதியான கதிரையில் அமர்ந்து, கையூன்றாமல் மெதுவாக எழும்பி மெதுவாக அமருங்கள். சுவரில் இரு கைகளையும் ஊன்றிச் சாய்ந்து, மீண்டும் தள்ளி நிமிருங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து இடுப்பை உயர்த்தி இறக்குங்கள். ஒன்றரை லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பினால் அது ஒன்றரைக் கிலோ. இரு கைகளிலும் பிடித்து மடக்கி நீட்டுங்கள். ஒவ்வொன்றும் பத்து அல்லது பன்னிரண்டு தடவை, சற்று ஓய்வெடுத்து மறுபடியும் ஒரு சுற்று. கடைசி இரண்டு தடவைகள் கஷ்டமாக இருக்க வேண்டும். இலகுவாகிவிட்டால் சுமையைக் கூட்டுங்கள். கிழமைக்கு இரண்டு மூன்று நாட்கள், இடையில் ஒருநாள் ஓய்வு விட்டுச் செய்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டலும் நடை போன்ற அசைவுகளோடு, கிழமையில் இரண்டு நாட்களாவது தசைக்குப் பயிற்சி வேண்டும் என்கிறது.

வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது. ஆண்களைப் போல உடம்பு முறுக்கேறிவிடும் என்றும் அஞ்ச வேண்டாம். பெண்ணின் உடலிலுள்ள சுரப்புகள் அதற்கு இலகுவில் இடம் தரா. அண்மையில் பிள்ளை பெற்றவர்கள், சத்திரசிகிச்சை செய்தவர்கள், நோயுள்ளவர்கள் வைத்தியரிடமோ மருத்துவ மாதுவிடமோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். காரணமின்றி நிறை குறைந்து வந்தால் அதற்கும் வைத்தியரைக் காண வேண்டும்.

அடுத்தது சாப்பாடு. நமது வீடுகளில் எல்லோரும் உண்ட பின் சட்டியில் மிஞ்சிய ஆணத்தைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுபவள் யார்? மீன் துண்டு வாப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும்; அவளுக்குச் சோறும் சம்பலும். இந்தச் சாப்பாட்டில் தசை எப்படி வளரும்? 50 கிலோ நிறையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஆகக்குறைந்தது 40 கிராம் புரதம் வேண்டும்; வலுப்பயிற்சி செய்தால் 60 கிராம் அளவு நல்லது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு கோப்பை அவித்த கடலையில் சுமார் 14 கிராம், உள்ளங்கையளவு மீன் துண்டில் சுமார் 20 கிராம் உண்டு. சோற்றைக் குறைக்க வேண்டாம். அதோடு இவற்றைச் சேருங்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் மரக்கறி, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள்.

இதை வாசிக்கும் கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. மனைவியின் உடம்பு தளர்ந்துவிட்டதாகக் குறை சொல்லுமுன், அவளுடைய பீங்கானில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அரை மணிநேரம் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவள் பயிற்சி செய்வாள்.

தொழுகையே ஒரு தேகப்பயிற்சிதான் என்று சிலர் மேடைகளில் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொழுகை இபாதத். ஆனால் அந்த இபாதத்துக்கு உடம்பு வேண்டும். இயலாதவருக்குக் கதிரையில் அமர்ந்து தொழச் சலுகை உண்டு. அது அல்லாஹ்வின் ரஹ்மத். ஆயினும் தொடையில் பலமில்லாத ஒரே காரணத்தால் ஸுஜூதை இழப்பது எவ்வளவு கவலை! முதுமையில் நெற்றியை நிலத்தில் வைத்து எழும்பவும், ஹஜ்ஜுக்குப் போனால் தவாபின் ஏழு சுற்றையும் ஸயீயின் ஏழு நடையையும் சொந்தக் காலால் முடிக்கவும் தேவையான பலத்தை இப்போதே சேர்த்து வைக்க வேண்டும்.

ஆகவே தராசில் ஏறி இறங்கி மனம் வருந்தாதீர்கள். தசை வளரும்போது நிறை குறையாமலே உடம்பு இறுகலாம். இரண்டு மூன்று மாதங்கள் விடாமல் செய்து, படியேறும்போது மூச்சு வாங்குகிறதா, தண்ணீர் வாளியைச் சிரமமின்றித் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாக இருந்தாலும் விடாது செய்யப்படுவதே என்று நபியவர்கள் கற்றுத் தந்தார்கள். தேகப்பயிற்சிக்கும் அது பொருந்தும்.

உடம்பில் பலத்தையும், அந்தப் பலத்தை அவனுக்கு வழிப்படுவதில் செலவிடும் பாக்கியத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.