கூதிருக்கு முன்

வெயிலும் மழையும் அன்றி வேறு பருவம் அறியாத நாட்டில் வீடு என்பது காற்றுக்காகக் கட்டப்படுவது. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்து லயத்து வீட்டில் பலகைச் சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது. அதை எவரும் குறையாகக் கருதியதில்லை. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறினால் அது நல்ல வீடு. அவ்வளவுதான் எங்கள் இலக்கணம். அந்த இலக்கணம் செல்லாத ஒரு வீட்டில் 2024ஆம் ஆண்டுத் தீபாவளியைக் கழித்தேன்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் என் மகளும் மாப்பிள்ளையும் வாங்கியிருந்த வீடு அது. நூறாண்டைத் தாண்டிய செங்கல் வரிசை வீடு. பேரனுக்கு அப்போது ஏழு மாதம். அவன் காணப்போகும் முதல் குளிர்காலம். நான் போய்ச் சேர்ந்த வாரத்தில், அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று, வழக்கப்படி கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். மறுநாள் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. "அப்பா, இனிமேல் தள்ளிப்போட முடியாது" என்று மகள் வேலைகளைத் தொடங்கினாள்.

அவள் சன்னல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து மூடிக்கொண்டு வந்தபோது எனக்கு நெடுநல்வாடை நினைவுக்கு வந்தது. நக்கீரர் காட்டும் அந்தக் கூதிர்கால நகரில் விசிறிகள் சுருக்கித் தொங்கவிடப்பட்டு, அவற்றில் சிலந்தி நூல் பின்னிக் கிடக்கிறது. வேனிற்காலத்தில் தென்றல் வந்த மேல்மாடத்துச் சாளரங்கள் தாழிடப்படுகின்றன. குறுகிய வாய்க் கன்னலில் உள்ள குளிர்ந்த நீரை யாரும் பருகுவதில்லை. அகன்ற வாயுள்ள தடாவில் நெருப்பிட்டுக் காய்கிறார்கள். வகுப்பில் நாம் இதனை வருணனை என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுகிறோம். எனக்கென்னவோ, வாடையை எதிர்கொள்ள வீட்டை ஆயத்தம் செய்தவர்களைக் கண்ணால் கண்டு எழுதிய பகுதியாகவே அது படுகிறது.

எங்கெங்கே குளிர்காற்று நுழைகிறது என்று கண்டுபிடிக்க நான் ஓர் ஊதுவத்தியை ஏற்றினேன். மாப்பிள்ளை முதலில் அதைப் பூசை என்று எண்ணிக் கைகூப்பினார். கதவோரம், தரைப் பலகைகளின் இடுக்கு, சன்னல் சட்டம் என்று மெல்லக் கொண்டுபோனபோது புகை நேராக எழுந்தது. ஒழுகல் உள்ள இடத்தில் சட்டென்று உட்புறமாக வளைந்தது. வளைந்த இடமெல்லாம் அவர் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, பின்னர் ரப்பர் பட்டை ஒட்டி அடைத்தார்.

தண்ணீரும் அங்கே கவலை தரும் பொருள்தான். உறையும் நீர் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு பருக்கிறது. பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்று எத்தனையோ ஆண்டுகள் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த செய்தி அது. ஆனால் அதே பருமன் குழாய்க்குள் அடைபட்டால் குழாயைப் பிளந்துவிடும் என்பதை எண்ணியே தோட்டத்துக் குழாயின் உள்வால்வை மூடி, மிச்ச நீரை வடித்தோம். பரணில் 270 மில்லிமீட்டர் கனத்துக்குக் கனிமப் பஞ்சு விரித்தார்கள். இதில் ஒரு விந்தை உண்டு. வீட்டுச் சூடு மேலே கசிந்தவரை பரணில் இருந்த தண்ணீர்த் தொட்டி உறையாமல் பிழைத்தது. கசிவை அடைத்ததும் பரண் முன்னைவிடக் குளிர்ந்துவிடும். ஆகவே தொட்டிக்கும் குழாய்களுக்கும் தனியாகப் போர்வை சுற்றவேண்டும். தொட்டியின் அடியில் மட்டும் பஞ்சு வைக்கக்கூடாது. எரிவாயுப் பாய்லரைப் பழுதுபார்க்கப் பதிவுபெற்ற தொழிலாளரே வரவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அவர் வந்து பார்த்துப் போனார்.

இவ்வளவும் அடைப்பு வேலை. எங்களைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. பேரன் உறங்கும் அறையில் அலமாரியை நகர்த்தியபோது வெளிச்சுவர் முழுவதும் கரும்பூஞ்சணம் படர்ந்திருந்தது. முன்பு குடியிருந்தவர் குளிருக்கு அஞ்சிச் சன்னல் சட்டத்தின் மேலிருந்த காற்றுத் துளைகளில் காகிதம் திணித்துவைத்திருந்தார். மூச்சும், சோறு வேகும் ஆவியும், உள்ளே உலர்த்தும் துணியின் ஈரமும் வெளியேற வழியின்றிக் குளிர்ந்த சுவரில் படிந்துவிடுகின்றன. நம்மவர் வீட்டில் இட்லி ஆவி வேறு.

அது அழகைக் கெடுக்கும் கறை மட்டுமன்று. மலைத்தொடருக்கு அப்பால் உள்ள ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வாடகை வீட்டில் நெடுநாள் படர்ந்திருந்த பூஞ்சணமே அதன் மூச்சுக் கோளாற்றுக்குக் காரணம் என்று 2022இல் விசாரணை தீர்ப்புரைத்தது. குறித்த காலத்துக்குள் இத்தகைய கேட்டை நீக்கவேண்டும் என்று சமூக வீடுகளை வாடகைக்கு விடுவோரைக் கட்டாயப்படுத்தும் சட்டத்துக்கு 2023இல் வழி பிறந்தது. மகள் இதை அறிந்திருந்தாள். அன்றிரவே குழந்தையின் தொட்டிலைத் தங்கள் அறைக்கு மாற்றினாள். மறுநாள் சுவரைத் துடைத்துக் காயவைத்தோம், துளைகளைத் திறந்தோம், அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போட்டோம். சமைத்த பின்னும் குளித்த பின்னும் பத்து நிமிடம் சன்னலைத் திறப்பது என்றும், அறையின் வெப்பம் 18 பாகைக்குக் கீழே போக விடுவதில்லை என்றும் ஏற்பாடு செய்துகொண்டார்கள். முன்னாள் சூடாக்கப் பாடுபட்ட வீட்டில் மறுநாள் சன்னலைத் திறந்துவைப்பது மாப்பிள்ளைக்கு மனம் ஒப்பாத செயலாகவே இருந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி தனியே வாழ்ந்தார். அந்தக் குளிர்காலத்தில்தான் அரசாங்கம் முதியோர்க்கு வழங்கிவந்த எரிபொருள் உதவித்தொகையைப் பெரும்பாலோர்க்கு நிறுத்தியிருந்தது. அடுத்த ஆண்டு பலருக்கு அது மீண்டும் கிடைத்தது. ஆனால் குளிர் ஓராண்டு காத்திருக்குமா? அவர் ஓர் அறையில் மட்டும் சூடு வைத்துக்கொண்டு மற்ற அறைகளைப் பூட்டியிருந்தார். மகள் வற்புறுத்தியதால் எங்களை உள்ளே விட்டார். என் ஊதுவத்தியின் மணம் அவருக்குப் பிடித்திருந்தது. வாசற்கதவின் தபால் துவாரத்தருகே வந்ததும் புகை ஆற்று நீர்போல் வளைந்து அறைக்குள் பாய்ந்தது. "ஆஹா, முப்பது ஆண்டுகளாக என் கால் குளிர்வது இதனால்தானா!" என்று அவர் சிரித்தார். மாப்பிள்ளை அன்று மாலையே கடைக்குப் போய்த் தூரிகை வைத்த மூடி ஒன்று வாங்கிவந்து அந்தத் துவாரத்தில் பொருத்தினார்.