மூன்று தவ்

புதிதாகத் துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் மரத்தைப் பார்க்கிறார்கள். வால்நட் கட்டையின் நிறமும் ரேகையும் எண்ணெய் மினுக்கமும் பிடித்துப்போய்த் தோளில் வைத்துப் பார்த்துவிட்டால், அப்புறம் கீழே வைக்க மனசு வராது. விவரம் தெரிந்தவர்கள் கட்டையைக் கவனிப்பதே இல்லை. மேசையிலிருந்து ஓர் எஃகுக் கேஜை எடுத்து, குழலின் வாயில் நுழைத்து, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து படிக்கிறார்கள். நம்மூர் சந்தையில் மாட்டின் திமிலை ரசிக்கிறவரும் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவரும் வேறு வேறு ஆட்களாக இருப்பது போலத்தான்.

இடம், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள அனிஸ்டன். அட்லாண்டாவிலிருந்து மேற்கே 145 கிலோமீட்டர் இருக்கும். 1961-இல் இனப்பாகுபாட்டை எதிர்த்துப் பயணம் செய்தவர்களின் பேருந்தைக் கொளுத்திய ஊர் என்றுதான் எனக்கு இதைத் தெரியும். துப்பாக்கிக்காரர்களுக்கு இது வேறு ஊர். சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம், சுருக்கமாக சி.எம்.பி., இங்கேதான் இருக்கிறது. 1903-இல் அரசுத் திட்டமாகத் தொடங்கி, 1996-இல் லாப நோக்கமற்ற தனி அமைப்பாக மாறியது. அமெரிக்க ராணுவம் கழித்த பழைய எம்1 கேரண்ட் துப்பாக்கிகளைச் சோதித்து, செப்பனிட்டு, தரம் பிரித்துக் குடிமக்களுக்கு விற்கிறது. அந்த வருமானத்தில் குறிபார்த்துச் சுடும் பயிற்சிகளையும் போட்டிகளையும் நடத்துகிறது.

வாங்க வந்தவர் நானில்லை. வாங்குகிறவருக்குக் குடியுரிமை இருக்க வேண்டும், இணைக்கப்பட்ட மன்றம் ஒன்றில் உறுப்பினராக இருக்க வேண்டும், பின்புலச் சோதனையில் தேற வேண்டும். இதில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. வாங்க வந்தவர், கோவையில் ஒரே டூல்ரூமில் என்னோடு வேலை பார்த்து, பிறகு அட்லாண்டாவில் குடியேறி அமெரிக்கரான அண்ணன் ஒருவர். கேரண்ட் போட்டியில் சுட வேண்டும் என்பது அவர் ஆசை. தோட்டாச் செலவையும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு டாலரைத் தாண்டக் கூடாது என்பது அண்ணியின் உத்தரவு.

வரும் வழியில் கேட்டேன், "அண்ணா, புது ஏ.ஆர்.-15 கேரண்டைவிட மலிவாமே?"

"ஐந்நூறு, அறுநூறுக்கே கிடைக்கும். வீட்டுக்குள்ள கொண்டுவர எனக்கு மனசு ஒப்பலை" என்றார். 2022-இல் டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியர்களையும் பலிகொண்டது அந்த வகைத் துப்பாக்கிதான். கேரண்டும் போருக்கென்று செய்ததுதானே, அதன் தோட்டா இன்னும் வலுவானதுதானே என்றேன். "ஆமா" என்றவர், அதன் பிறகு வெகுநேரம் பேசாமல் வண்டி ஓட்டினார். என்னிடமும் தீர்ப்பு எதுவும் இல்லை. துப்பாக்கி என்றால் என்.சி.சி. முகாமில் எண்ணிக் கொடுத்த தோட்டாக்கள், எண்ணித் திருப்பித் தந்த காலிக் கூடுகள் என்று வளர்ந்தவன் நான். கடை அலமாரியில் வரிசையாக நிற்கும் போர்த்துப்பாக்கிகளைப் பார்த்துக் கூச்சப்படாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் வேலைமேசைக்கு அருகில் போனதும் எனக்குத் தெரிந்த உலகம் வந்துவிட்டது.

கேரண்டின் குழல் உள்விட்டம் புதிதில் 0.300 அங்குலம். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கோவைப் பட்டறைகளில் 'தவ்' என்போம். வாய்க் கேஜ் என்பது கூம்பிச் செல்லும் ஓர் எஃகுக் கம்பி. அதில் தவ் தவ்வாகக் கோடு போட்டிருக்கும். மூன்றாம் கோடுவரை இறங்கினால் குழல்வாய் 0.303-க்குத் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இன்னொரு கேஜ் பின்பக்கமாகப் போகும். தோட்டா அறை முடிந்து சுருள் வரிப்பள்ளம் தொடங்கும் 'தொண்டை' எவ்வளவு அரித்திருக்கிறது என்று அது சொல்லும். சர்வீஸ் தரம் என்று முத்திரை விழ வேண்டுமானால் வாய் 3-க்குள்ளும் தொண்டை 5-க்குள்ளும் இருக்க வேண்டும். அதற்குக் கீழே ஃபீல்டு, ரேக் தரங்கள். மேலே, புதிய குழலும் புதிய கட்டையும் பொருத்தி இரும்பையும் புதுப்பித்த ஸ்பெஷல் தரம். ஒரு படி ஏறினால் விலையும் கூடும்.

மேசையில் இருந்தவருக்கு எழுபது வயதிருக்கும். உள்ளூர் ராணுவக் கிடங்கில் ஆயுதம் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவராம். டூல்ரூம் ஆள் என்று நான் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரே சமயத்தில் வந்த இரண்டு துப்பாக்கிகளை எடுத்து அளந்து காட்டினார். ஒன்றில் தொண்டை 2, வாய் 5. மற்றதில் தொண்டை 4, வாய் 2.

"முதலாவது அதிகம் சுடாத துப்பாக்கி. தொண்டையைப் பாருங்கள், பளிச்சென்று இருக்கிறது. பிறகு வாய் ஏன் தேய்ந்தது?"

எனக்குப் பிடிபடவில்லை. அவர் மூலையில் கிடந்த எஃகுத் துடைப்புக் கம்பியை எடுத்துக் காட்டினார். கேரண்டின் பின்பகுதி மூடியிருக்கும். மற்றப் பல துப்பாக்கிகளைப் போலப் பின்னாலிருந்து கம்பி விட்டுத் துடைக்க வழியில்லை, வாய் வழியாகத்தான் விட வேண்டும். ஒவ்வொரு முறையும் கம்பி ஒரே விளிம்பில் உரசும். போரே பார்க்காத முகாமில், ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குப் பயந்து தினமும் தேய்த்துத் தேய்த்தே குழல்வாயைக் கெடுத்த சிப்பாய்கள் எத்தனையோ பேர். குண்டு குழலை விட்டு வெளியேறும் கடைசி விளிம்பு அதுதான். அங்கே ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்தால் குண்டு நேராகப் போகாது. தொண்டைத் தேய்மானம் சுட்ட கணக்கைச் சொல்லும், வாய்த் தேய்மானம் பராமரித்தவரின் கையைச் சொல்லும் என்பது அங்கே நான் கற்ற முதல் பாடம்.

அடுத்து 'கோ' கேஜும் 'நோ-கோ' கேஜும். அறையில் தோட்டா அமரும் ஆழம் சரியா என்று பார்க்க நம் பட்டறையில் உள்ள அதே முறை. 'கோ'வை வைத்தால் போல்ட் மூட வேண்டும், 'நோ-கோ'வை வைத்தால் மூடக் கூடாது. இடைவெளி கூடினால் தோட்டாக் கூடு கிழிந்து சூடான வாயு சுடுகிறவரின் முகத்தை நோக்கி வரும். இதில் தேறாதது எந்தத் தரத்திலும் வெளியே போகாது.

பிறகு கேஜ் இல்லாத சோதனைகள். சுருள்வில்லைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை முன்னும் பின்னும் சாய்த்தார். ஆபரேட்டிங் ராடு தன் எடையிலேயே சறுக்கி இறங்கி ஏற வேண்டும். எங்காவது தயங்கினால் ராடு வளைந்திருக்கிறது, அல்லது கட்டையில் உரசுகிறது. வெடித்த வாயுவில் ஒரு பங்கு குழல்முனைக்குக் கீழுள்ள சிறு துளை வழியே இறங்கி இந்த ராடைப் பின்னுக்குத் தள்ளுகிறது. காலிக் கூட்டை வெளியேற்றி அடுத்த தோட்டாவை ஏற்றுவது இந்த அசைவுதான். விசையை ஒவ்வொரு முறையும் விரல்தான் அழுத்த வேண்டும், ஏற்றும் வேலை மட்டும் தானாக நடக்கிறது. கடைசியாக, விசைக் காப்பை மூடச் சொல்லி என் கையில் கொடுத்தார். முடியும் தறுவாயில் நல்ல இறுக்கம் காட்டியது. கட்டை இரும்பைக் கவ்விப் பிடித்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இறுக்கமில்லாமல் மூடினால் மரம் சுருங்கிவிட்டது; எவ்வளவு அழகாக இருந்தாலும் குறி அலையும்.

அண்ணன் இதற்குள் ஓர் அழகியைக் கண்டுபிடித்துவிட்டார். செம்பழுப்புக் கட்டை, கீறல் இல்லை, இரும்பு உடலின் பின்மேட்டில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி முத்திரை. வாய்க் கேஜ் ஐந்தைத் தாண்டி இறங்கியது. ஃபீல்டு தரம். "பார்க்க லட்சணமா இருக்கே" என்று இழுத்தார்.

"சுவரில் மாட்டுவதென்றால் அதையே எடுங்கள்" என்றார் பெரியவர், சிரிக்காமல்.

அந்த முத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனடாவின் கியூபெக்கில் 1888-இல் பிறந்த ஜான் கேரண்ட், 1919 முதல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதச் சாலையில் வேலை பார்த்தார். அவருடைய வடிவமைப்பை ராணுவம் 1936-இல் ஏற்றது. துப்பாக்கியை வடித்ததோடு அவர் நிற்கவில்லை, அதைப் பெருமளவில் செய்வதற்கான இயந்திரங்களையும் தானே வடித்தார். காப்புரிமையை அரசுக்கே எழுதிக் கொடுத்தார். அவருக்கு ஒரு லட்சம் டாலர் பரிசளிக்கக் கொண்டுவந்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறவே இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த ஆயுதச் சாலையில் லேத்திலும் மில்லிங்கிலும் நின்றார்கள். வின்செஸ்டர் நிறுவனமும் செய்தது. கொரியப் போர்க் காலத்தில் டிராக்டர் செய்யும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் செய்தது. மொத்தம் சுமார் 54 லட்சம்.

எந்த ஆலையில் செய்த பாகமும் எந்த ஆலையின் துப்பாக்கியிலும் பொருந்தும் என்பதுதான் அந்தத் தொழிலாளர்களின் சாதனை. அதன் விளைவாக, போருக்குப் பிந்தைய பழுதுபார்ப்புகளில் எல்லாம் கலந்துவிட்டன. ஸ்பிரிங்ஃபீல்டு உடலில் வின்செஸ்டர் விசை, டென்மார்க்குக்குப் போய்த் திரும்பிய துப்பாக்கியில் டேனிஷ் குழல். சேகரிப்பாளர்கள் பாகங்களில் பொறித்த வரைபட எண்களைப் படித்து, பிறந்தபோது இருந்தபடியே எல்லாம் அமைந்த ஒன்றுக்கு மிகுந்த விலை கொடுக்கிறார்கள். சுடுகிறவருக்கு அந்தப் பொருத்தத்தால் ஒரு தவ் பயன்கூடக் கிடையாது. குறைந்த பணத்தோடு வருகிறவர் முதலில் விட வேண்டிய ஆசை அது.

பெரியவர் முதலில் அளந்து காட்டிய இரண்டாவது துப்பாக்கியைத்தான் அண்ணன் எடுத்தார். தொண்டை 4, வாய் 2. கட்டையில் ஆழமான ஒரு பள்ளம், கைக்காப்பு வேறு நிறம், துருப்பிடிக்காத எஃகாலான வாயு உருளையில் பாஸ்பேட் பூச்சு ஒட்டாது என்பதால் பூசியிருந்த கறுப்பு பாதி உரிந்து வெள்ளை தெரிந்தது. சர்வீஸ் தரம். ஸ்பெஷல் தரத்தை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு, மிச்சப் பணத்தைத் தோட்டாவுக்கு ஒதுக்கினார். அது சரியான கணக்கு. கேரண்ட் போட்டியில் துப்பாக்கியை ராணுவம் கொடுத்த நிலையிலேயே சுட வேண்டும் என்பது விதி. பணம் கொட்டி மேம்படுத்தினால் தகுதி போய்விடும். 200 கஜத்தில் படுத்து நிதானமாக 10, படுத்து வேகமாக 10, நின்று 10. இந்த முப்பதில் நிற்கும் பத்துதான் ஆளை அளக்கும். அதற்கு வேண்டியது பயிற்சி, பயிற்சிக்கு வேண்டியது தோட்டா.

அதிலும் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. ராணுவத் தோட்டாவின் குண்டு சுமார் 150 கிரெயின் எடை. வேட்டைக்கு விற்கும் கனமான குண்டுகள் வாயுத் துளையில் அழுத்தத்தைக் கூட்டி ராடை வளைத்துவிடும். 172–174 கிரெயினுக்கு மேல் வேண்டாம் என்றார். துடைப்புக் கம்பி வாயில் உரசாதபடி மாட்டும் பித்தளை வழிகாட்டி ஒன்றையும் வாங்கச் சொன்னார். துப்பாக்கியின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

பில் போடும்போது, பத்து வருடம் கழித்து வந்தால் இப்படி ஒன்று கிடைக்குமா என்று கேட்டேன். ராணுவத்துக்கான உற்பத்தி 1957-இல் நின்றுவிட்டது, நல்ல குழலோடு வருவது ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது என்றார். முன்பெல்லாம் அவர் வேலை அளப்பதும் பிரிப்பதும்தான். இப்போது பாதி நேரம் பழைய குழலைத் திருகிக் கழற்றிப் புதியதைப் பொருத்துவதிலும், புதுக் கட்டையை இரும்புக்கு ஏற்ப இழைப்பதிலும் போகிறது. அன்று ஒதுக்கி வைத்ததெல்லாம் இன்று மேசைக்குத் திரும்பி வருகிறது. தேர்ந்தெடுக்க நிறைய இருந்த காலத்தில் மலிவுக்குக் காரணம் கையிருப்பு. இனிமேல் கிடைக்கும் மலிவான நல்ல துப்பாக்கியின் விலையில் பெரும்பங்கு இவரைப் போன்றவர்களின் கூலியாகத்தான் இருக்கும். கொடுக்கலாம், அது நியாயமான பணம்.