புதுப்பேட்டையில் வாங்கக் கூடாத பொருள்



சென்னைக்கு வருவோர் மெரினாக் கடற்கரையையும் எழும்பூர் அருங்காட்சியகத்தையும் கண்டு திரும்புகின்றனர். இவ்விரண்டிற்கும் நடுவே, கூவம் ஆற்றின் கரையில், ஒரு விந்தையான பேட்டை இருப்பதைப் பலர் அறியார். அதுவே புதுப்பேட்டை. பெயரில்தான் புதுமை, அங்கே குவிந்து கிடப்பவையோ பெரும்பாலும் பழைய வாகனங்களின் உறுப்புகள்!

திருவல்லிக்கேணியிலிருந்து நடந்தே சென்றுவிடலாம். 1795-இல் கட்டப்பட்ட வாலாஜா பள்ளிவாசலைத் தாண்டி, அண்ணா சாலையைக் கடந்து, கூவத்தின் பாலத்தில் ஏறி இறங்கினால் ஆதித்தனார் சாலை வந்துவிடும். ஹாரிஸ் சாலை என்பது அதன் பழைய பெயர். 2019 முதல் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையமும் அருகில் இருப்பதால், வெளியூரார்க்கும் வழி எளிது.

அங்கே ஒரு கடையின் வாசலில் கதவுகள் மட்டும் அடுக்கப்பட்டிருக்கும். அடுத்த கடையில் முகப்பு விளக்குகள். அதற்கடுத்து, எண்ணெய் கசிந்து கறுத்த தரையின்மீது உயிரற்ற எஞ்சின்கள். சுத்தியல் ஓசை காதைத் துளைக்கும். 'புதுப்பேட்டையில் வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்தி வருவதற்குள் அது பாகம் பாகமாகிவிடும்' என்று சென்னைவாசிகள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆயினும், அம்பாசிடர் காரின் உற்பத்தியும் மாருதி 800-இன் உற்பத்தியும் 2014-இல் நின்றுபோன பின்னரும் அவ்வண்டிகள் நம் தெருக்களில் ஓடுகின்றனவே, எப்படி? நின்றுபோன வண்டியின் நல்ல உறுப்பை எடுத்து, ஓடும் வண்டிக்குக் கொடுக்கும் இத்தகைய கடைகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு. குறைந்த வருவாயில் குடும்பம் நடத்துவோருக்கு இது சிறிய உதவியன்று.

சென்ற ஆண்டு, எங்கள் அடுத்த வீட்டுச் சகோதரருடன் அங்குச் செல்ல நேர்ந்தது. அவருடைய பழைய கார் சில நாட்களாகவே காலையில் கிளப்பும்போது 'கிரீச்' என்று கத்திக் கொண்டிருந்தது. ஒரு மாலை, பேட்டரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டு, நாலு பேர் துணையுடன் வண்டியை வீட்டு முற்றத்திற்குத் தள்ளி வந்தார். மூடியைத் திறந்தால், பெல்ட் கழன்று தொங்குகிறது. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உடைந்து கிடக்கிறது. இரண்டு நாளில் தம் தாயாரை வேலூருக்கு மருத்துவம் பார்க்க அழைத்துச் செல்ல வேண்டும். போக வர ஏறத்தாழ 280 கிலோமீட்டர்!

டென்ஷனர் என்பது என்ன? எஞ்சினின் முன்புறம் ஓடும் ஒரே நீண்ட ரப்பர் பெல்ட், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரையும் குளிர்சாதனக் கம்ப்ரஸரையும் சுழற்றுகிறது. பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்பையும் ஸ்டியரிங் பம்பையும்கூட அதுவே சுழற்றுகிறது. அந்தப் பெல்ட் தளராமலும் மிஞ்சி இறுகாமலும் காப்பது, வலிய ஸ்பிரிங் பொருத்திய ஒரு கையும் அதன் முனையில் உருளும் ஒரு சிறு சக்கரமும். அம்பாசிடர் போன்ற பழைய வண்டிகளில் இது கிடையாது. டைனமோவையோ ஆல்டர்னேட்டரையோ சற்று நகர்த்தி போல்ட்டை முடுக்கினால் பெல்ட் இறுகிவிடும். பிற்கால வண்டிகளில் அந்த வேலையை இந்த ஸ்பிரிங் தானே செய்கிறது. அது ஓய்ந்தால் பெல்ட் வழுக்கும், அல்லது கழன்றுவிடும். தண்ணீர்ப் பம்பு நின்றால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதித்துவிடும். சிவப்பு விளக்கைக் கண்டும் 'வீடு அருகில்தானே' என்று ஓட்டுவோர், சிறிய செலவைப் பெரிய செலவாக்கிக் கொள்கின்றனர்.

நாங்கள் முதலில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குச் சென்றோம். புதிய உதிரிபாகங்களுக்குப் பெயர் பெற்ற சாலை அது. புதிய டென்ஷனரின் விலையைக் கேட்டதும் சகோதரரின் முகம் வாடிற்று. "ஹஜ்ரத், புதுப்பேட்டையில் பார்த்துவிடுவோம்" என்றார்.

புதுப்பேட்டையில் வயது முதிர்ந்த ஒரு கடைக்காரர், உடைந்த உறுப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே வகையைச் சேர்ந்த பழையது ஒன்று அவரிடமே இருந்தது. விலையோ மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அவர் அதை எடுத்து நீட்டவில்லை.

"பாய், கதவு கேளுங்க, கண்ணாடி கேளுங்க, நானே பார்த்து எடுத்துத் தர்றேன். இதை மட்டும் பழசா வாங்காதீங்க. தாயாரை வேற கூட்டிட்டுப் போறேங்கறீங்க" என்றார்.

காரணத்தையும் விளக்கினார். கதவு நெளிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். விளக்கு எரியாவிட்டால் அங்கேயே தெரியும். சக்கரத்தின் பேரிங்கைக் கூட விரலால் சுழற்றிப் பார்க்கலாம். மணல் அரைபடுவது போல ஒலித்தால் அது போயிற்று. ஆனால் ஸ்பிரிங் எவ்வளவு களைத்திருக்கிறது என்பதைக் கையால் அறிய இயலாது. அது எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் உழைத்தது என்பதை எவரும் எழுதி வைப்பதில்லை. கைக்கு வந்த வியாபாரத்தை வேண்டாமென்று விட்ட அந்தப் பெரியவரின் சொல்லைக் கேட்டு, நாங்கள் மீண்டும் பேட்டர்ஸ் சாலைக்கே நடந்தோம். டென்ஷனருடன் பெல்ட்டும் புதிதாகவே வாங்கப்பட்டது.

மறுநாள் முற்றத்தில் வேலை தொடங்கியது. வீட்டில் இப்பணியைச் செய்ய விரும்பும் வாசகர்கள் சிலவற்றைக் கருத்திற் கொள்ளுங்கள். எஞ்சின் நன்கு ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பெல்ட் எந்தச் சக்கரத்தின் மேலே, எதன் கீழே செல்கிறது என்பதைத் தாளில் வரைந்துகொள்ள வேண்டும்; கழன்று கிடந்தால், வண்டியின் கையேட்டில் உள்ள படத்தைப் பார்க்க வேண்டும். டென்ஷனரின் கையை நீண்ட ஸ்பேனரால் திருப்பும்போது விரல்கள் விலகியிருக்கட்டும். ஸ்பிரிங்கின் விசை கடுமையானது. புதியதைப் பொருத்தும்போது, அதன் பின்புறத்தில் முளை இருந்தால், அது எஞ்சினில் உள்ள குழியில் சரியாக அமர வேண்டும். போல்ட்டைக் கையேடு சொல்லும் அளவுக்கே முடுக்குங்கள். அலுமினியத்தில் மரை எளிதில் அழிந்துவிடும். பெல்ட்டின் வரிகள் சக்கரங்களின் பள்ளங்களில் ஒன்றுகூடப் பிசகாமல் படிய வேண்டும். மற்ற சக்கரங்களையும் ஒருமுறை சுழற்றிப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டைமிங் பெல்ட்டின் டென்ஷனர் வேறு. அது எஞ்சினின் உள் இயக்கத்தோடு தொடர்புடையது. அதைப் பொருத்துவதில் பிழை நேர்ந்தால், பல எஞ்சின்களில் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி உடையும். அதைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே ஒப்படைப்பது அறிவுடைமை.

சகோதரரின் வண்டி எவ்விதச் சத்தமுமின்றி வேலூர் சென்று திரும்பியது.

வாசகர்களே! பழைய பொருள் என்றாலே இழிவு என்பாரும் உளர். மலிவு என்றால் எதையும் வாங்குவாரும் உளர். இருவருக்கும் புதுப்பேட்டை பாடம் சொல்கிறது. கண்ணால் கண்டு சோதிக்கத் தக்கதைப் பழையதாக வாங்குங்கள், அது சிக்கனம். சோதிக்க முடியாததும் உயிரோடு தொடர்புடையதுமானதைப் புதியதாக வாங்குங்கள், அதுவும் சிக்கனமே. அங்குச் செல்லும்போது உடைந்த உறுப்பை ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரிடம் விலையைக் கேட்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள் வண்டியாக இருந்தால் இதைப் போடுவீர்களா?" பதில் வருவதற்கு முன்னரே, அவருடைய முகம் அதைச் சொல்லிவிடும்.