அண்ணாச்சியின் கறுப்பு வெள்ளைப் படம்

ஓய்வு பெற்றுப் பதினொரு வருடம் கழித்து ஒருவர் போன் செய்து, "சார், உங்க பழைய புரோகிராம் ஓட மாட்டேங்குது" என்றால் சந்தோஷப்படுவதா, சலித்துக்கொள்வதா? போன மார்கழியில் எனக்கு அப்படி ஒரு போன் வந்தது. பேசியவர் பல்சார் ஆராய்ச்சி செய்யும் மாணவி. 1990களில் நாங்கள் பதிவு செய்த தரவுகளை இன்றைய தரவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம்.

பல்சார் என்பது வேகமாகச் சுழலும் நட்சத்திரம். கலங்கரை விளக்கம் மாதிரி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரேடியோ துடிப்பு நம் பக்கம் வந்து போகும். உதகை முத்தோரையில், மலைச் சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கியைச் சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அதில் நாங்கள் அடிக்கடி பார்த்த ஒன்று சிம்ம ராசிப் பக்கம் உள்ள பி0950+08. உலகத்துக்கு முதலில் தெரியவந்த நான்கு பல்சார்களில் ஒன்று அது. 253 மில்லி விநாடிக்கு ஒரு துடிப்பு. அதற்கு ஒரு விசேஷம் உண்டு. பெரிய துடிப்புக்கு முன்னால், அரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், மிக மங்கலான ஒரு குட்டித் துடிப்பும் வரும். இன்டர்பல்ஸ் என்போம்.

அந்தப் புரோகிராமை 1992இல் எழுதியவர் எனக்கு சீனியர், திருநெல்வேலிக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். ஃபோர்ட்ரான் மொழியில் எழுதியது. படம் போடுவதற்கு மட்டும் பிஜிபிளாட். கால்டெக்கில் டிம் பியர்சன் 1983இல் தொடங்கிய படம் வரையும் நூலகம் அது. அந்தக் காலத்தில் ரேடியோ வானியல்காரர்கள் கணினியில் அது இல்லாமல் இருக்காது. 2001க்குப் பிறகு அதற்குப் புதுப் பதிப்பு வரவில்லை. இன்றைய கணினியில் பாடுபட்டு நிறுவினாலும், எழுத்துருக் கோப்பு எங்கே என்று கேட்டு முரண்டு பிடிக்கும். மாணவி அதை விட்டுவிட்டு, பைத்தானில் மேட்பிளாட்லிப்புக்கு எல்லாவற்றையும் மாற்றத் தொடங்கியிருந்தார். ஜான் ஹன்டர் என்ற நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின் அலைகளைப் பார்ப்பதற்காக எழுத ஆரம்பித்து 2003இல் வெளியிட்டது அது. பாவம், 2012இல், 44 வயதில் போய்விட்டார்.

படம்தானே, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கேட்கலாம். எங்கள் புரோகிராமில் படம் வெறும் அலங்காரம் இல்லை. திரையில் துடிப்பின் மேல் கர்சரை வைத்து அழுத்தினால், அந்த இடத்தின் எண் ஒரு கோப்பில் பதிவாகும். அடுத்த கணக்கு முழுவதும் அந்த எண்ணை நம்பித்தான். படம்தான் எங்களுக்கு அளவுகோல்.

மாணவி அனுப்பிய முதல் படம் தலைகீழாக இருந்தது. பழையதில் முதல் வரிசை கீழே இருக்கும். புதியதில் நாம் சொல்லாவிட்டால் மேலே போய்விடும். அது கண்ணுக்குத் தெரிகிற கோளாறு, ஒரு சொல்லில் சரியாகிவிட்டது. தெரியாத கோளாறுதான் இரண்டு வாரம் இழுத்தது. 1993ஆம் ஆண்டுக் கோப்புகள் 40ஐ எடுத்து, அன்று அண்ணாச்சி குறித்த எண்களோடு புதிய படத்தில் அழுத்திய எண்களை ஒப்பிடச் சொன்னேன். பெரிய துடிப்பு அச்சாகப் பொருந்தியது. இன்டர்பல்ஸ் மட்டும் சுமார் 0.4 மில்லி விநாடி வலப்பக்கம் தள்ளி நின்றது. ஒரு கோப்பில் என்றால் கை நடுக்கம் என்று விட்டுவிடலாம். சராசரி எடுத்தபோது எல்லாம் ஒரே பக்கம்!

காரணம் இதுதான். ஒரு சுற்றை 256 கட்டங்களாகப் பிரித்திருந்தோம். ஒரு கட்டம் ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி. பிஜிபிளாட் ஒவ்வொரு கட்டத்தின் நடுப்புள்ளி எங்கே என்று கேட்கும். மேட்பிளாட்லிப் மொத்தப் படத்தின் விளிம்புகள் எங்கே என்று கேட்கும். மாணவி முதல் கட்டத்தின் நடுவையும் கடைசிக் கட்டத்தின் நடுவையும் விளிம்புகளாகக் கொடுத்திருந்தார். விளைவு, படம் இரு பக்கமும் அரைக் கட்டம் உள்ளே சுருங்கிவிட்டது. நடுவில் வித்தியாசமே கிடையாது; ஓரத்துக்குப் போகப் போகத்தான் கூடும். நாங்கள் பெரிய துடிப்பை எப்போதும் நடுவில் நிறுத்துவோம். இன்டர்பல்ஸ் இடது ஓரத்தில் இருக்கும். அந்தப் பல்சாருக்கு ஓரத்தில் ஒரு குட்டி இல்லாமல் இருந்திருந்தால், பழைய எண்ணும் புது எண்ணும் பொருந்துகிறது என்று சொல்லி மேலே போயிருப்போம். முப்பது வருடத்தில் பல்சார் மாறிவிட்டது என்று ஒரு கட்டுரைகூட வந்திருக்கும். நூலகத்தின் மேல் தப்பில்லை. ஒருவர் நிலத்தை வேலியிலிருந்து அளக்கிறார், இன்னொருவர் நட்ட கல்லிலிருந்து அளக்கிறார், அவ்வளவுதான்.

அடுத்தது நிறம். மாணவி வானவில் நிறங்களில் போட்டிருந்தார். பார்க்க ஜோர்தான். ஆனால் மஞ்சள் வரும் இடத்தில் மேடே இல்லாவிட்டாலும் மேடு மாதிரி தெரியும். அண்ணாச்சிக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அதனால் கலர் திரை வந்த பிறகும் அவர் கறுப்பு வெள்ளையிலேயே படம் போட்டார். நாங்கள் கேலி செய்திருக்கிறோம். மேட்பிளாட்லிப்காரர்களே 2017இல், இரண்டாம் பதிப்பில், வானவில்லை இயல்பு நிறமாக வைப்பதைக் கைவிட்டு விரிடிஸ் என்ற நிற வரிசைக்கு மாறினார்கள். கரும் ஊதாவில் தொடங்கிப் பச்சை வழியாக மஞ்சளுக்குப் போகும். வெளிச்சம் சீராக ஏறும். நிறக்குருடு உள்ளவர்களும் படிக்கலாம். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் குழம்பாது. அண்ணாச்சி 1992இல் செய்ததைத்தான் சுற்றி வந்து பிடித்திருக்கிறார்கள் என்பது என் கட்சி.

மூன்று படங்களையும் வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பினேன். எண்பத்திரண்டு வயது, பாளையங்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். மறுநாள் குரல் பதிவு வந்தது.

"வே, மொதப் படம் எனக்கு ஒண்ணும் பிடிபடல. ரெண்டாவதும் மூணாவதும் நல்லா இருக்கு, குட்டி தெரியுது. அந்தப் பொண்ணுகிட்ட கேளும், 93 பிப்ரவரி டேப்பு ஒண்ணு பாதில நின்னுபோச்சே, அத ஓட்டிப் பாத்தாளான்னு."

அந்த டேப் 40இல் இல்லை. மாணவி தேடிக்கொண்டிருக்கிறார்.